அந்தப் படத்தை எடுத்தவர்

செய்தி எங்கள் சங்கத்து குரூப்பில்தான் வந்தது. காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தேன். "சீலன் அண்ணன் தவறிட்டார். பார்த்தது. ஆஸ்பத்திரியில் அண்ணி பக்கத்தில் இருக்கேன். யூசுப்." அவ்வளவுதான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் "பார்த்தது" விளங்காது. வேலூரிலிருந்து திருப்பத்தூர் வரைக்கும் பத்திரிகைகளுக்குப் படம் எடுக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் எங்களுடையது. குரூப்பில் செய்தி போட்டாலும் படம் போட்டாலும், அது கண்ணால் பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சேர்க்காமல் விட்டால் செயலாளர் ஜெயசீலனிடமிருந்து போன் வரும். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். "பார்த்தியா, கேட்டியா?" என்பார். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவருடைய சாவுச் செய்தியிலும் யூசுப் அதை மறக்கவில்லை. அந்த வார்த்தையைப் படித்த பிறகுதான் டீயைக் கீழே வைத்தேன். "கேட்டது" என்று இருந்திருந்தால் கொஞ்ச நேரமாவது நம்ப மாட்டேன் என்று அடம் பிடித்திருப்பேன்.

சீலனைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் செயலாளராக இருந்த காலத்தில் பெரும்பகுதி நான்தான் தலைவர். சண்டை இல்லாமல் ஒரு கூட்டம் முடிந்தால், எங்கள் இருவரில் ஒருவர் ஊரில் இல்லை என்று அர்த்தம். கோபம் வந்தால் அவர் என்னைத் "தலைவரே" என்பார், நான் அவரைச் "செயலாளரே" என்பேன். சமாதானம் ஆகிவிட்டால் அவர் "கோமதி", நான் "சீலன்". அதனால் அவரைப் புனிதராக்கி எழுத எனக்கு வராது. அவருக்கும் பிடிக்காது.

ஆள் குள்ளம். அதைப் பற்றி அவருக்கு வெட்கம் எதுவும் கிடையாது. வண்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். எந்த விழாவாக இருந்தாலும் அதைப் போட்டு ஏறி நின்றால்தான் அவருக்கு மேடை தெரியும். ஒருமுறை ஆம்பூரில் ஒரு கட்சிப் பிரமுகர், தனக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சீலன் பக்கத்தில் போய், "ஐயா, கொஞ்சம் எழுந்திரிங்க, அது என் ஒசரம்" என்றார். பிரமுகர் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்த படம்தான் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டடத் திறப்பு விழாவில், பாதுகாப்புக்கு வந்தவர் ஒருவர் யூசுப்பின் கேமரா வாரைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். யூசுப் வாணியம்பாடிக்காரர், எங்கள் சங்கத்திலேயே சாது. சீலன் ஸ்டூலிலிருந்து இறங்கினார். தன் கேமராவைக் கழற்றித் தரையில் வைத்தார். நாங்களும் வைத்தோம். ரிப்பன் வெட்ட வந்தவர் கத்தரிக்கோலைப் பிடித்தபடி எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார், ஒரு கிளிக் சத்தம்கூட இல்லை. ரிப்பன் வெட்டுப்படாமல் அப்படியே கிடந்தது. கடைசியில் இழுத்தவரே யூசுப்பிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். சீலன் யூசுப்பின் கேமராவை எடுத்து அவர் கையில் கொடுத்து, "கேட்டுட்டாரா? சரி, எடு. அவருக்கு எடது பக்கம்தான் நல்லா வரும்" என்றார்.

இவையெல்லாம் சங்கத்தில் எல்லாரும் அறிந்தவை. நான் எழுத உட்கார்ந்தது ஏகாம்பரத்தின் விஷயத்தை. எங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது அரையும் குறையுமாகத்தான் தெரியும். "பார்த்தது, கேட்டது" எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சீலன் பேச்சை மாற்றிவிடுவார்.

அதற்கு முன்னால் "பங்கு" என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் ஆம்பூரில் ஒரு விபத்து, திருப்பத்தூரில் ஒரு மறியல், பாகாயத்தில் ஒரு ஊர்வலம் என்று நடக்கும். ஓர் ஆளால் எல்லா இடத்துக்கும் ஓட முடியாது. யார் முதலில் போய்ச் சேர்கிறாரோ, அவர் தான் எடுத்ததில் ஒரு படத்தைக் குரூப்பில் பங்காகப் போடுவார். மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் பத்திரிகைக்கு அனுப்பிக்கொள்வார்கள். இன்றைக்கு உன் பங்கு, நாளைக்கு என் பங்கு. பங்கு இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் வேலை என்றைக்கோ போயிருக்கும். ஆனால் அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஒருத்தர் தப்பாக அனுப்பினால், அது எல்லார் கைக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று போனுக்குப் போன் புரளி பறந்த சமயம் அது. ஊருக்குள் புது முகம் வந்தால் சுற்றி நின்று விசாரித்தார்கள். சில இடங்களில் விசாரிக்காமலே கை வைத்தார்கள். அம்மிக்கல் கொத்துகிறவர், பாய் விற்கிறவர், போர்வை விற்கிறவர் என்று ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிறவர்கள்தான் அடி வாங்கினார்கள்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம், தோல் தொழிற்சாலைக்காரர்கள் ஆர்ப்பாட்டம் ஒன்றுக்குப் போகிற அவசரத்தில் சீலன் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டைக் கடந்தார். புறக்காவல் நிலையத்து வாசலில் கும்பல். வண்டியை விட்டு இறங்காமலேயே கேமராவைத் தூக்கி வரிசையாகச் சில படங்கள் எடுத்தார். ஆர்ப்பாட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், அந்த வரிசையில் ஒன்றைப் பொறுக்கிப் பங்காகப் போட்டார். ஒரு போலீஸ்காரர் ஒரு ஆளின் தோளில் கையை வைத்திருக்கிறார். அந்த ஆள் தலை குனிந்து நிற்கிறார். காலடியில் ஒரு பெண் குழந்தை வாய் பிளந்து அழுகிறது. கீழே சீலன் எழுதியிருந்தார்: "ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் குழந்தையுடன் பிடிபட்டவர். போலீஸ் விசாரணை. விவரம் பிறகு."

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இருக்கிற கோளாறு இது. எடுத்ததிலே எது சுருக்கென்று தைக்கிறதோ அதைத்தான் கை பொறுக்கும். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்க்க நேரம் இருக்காது. படம் நன்றாக வந்துவிட்டால் கதையும் அதுதான் என்று மனசு நம்பிவிடும்.

விவரம் கொஞ்ச நேரத்திலேயே வந்தது. அந்த ஆள் பெயர் ஏகாம்பரம். குடியாத்தத்துக்காரர், மொபெட்டில் லுங்கி மூட்டையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவர். கூட்டத்தில் தாயைத் தவறவிட்டு அழுதுகொண்டிருந்த குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து போலீசிடம் சேர்த்திருக்கிறார். தோளில் இருந்த கை தட்டிக்கொடுத்த கை. தலை குனிந்தது குழந்தையிடம் பேசுவதற்காக. சீலன் உடனே படத்தை அழித்தார். தப்பு என்று எழுதினார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னார். எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை. தொல்லை விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆனால் அதற்குள் யாரோ ஒருவர் அதைத் தன் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை, குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். அது யார் என்று கடைசி வரைக்கும் தெரியாது. தேடலாம் என்று நான் குதித்தபோது சீலன் விடவில்லை. "அனுப்புனவன எதுக்குத் தேடறீங்க? எடுத்தவன் இங்கதான இருக்கேன்" என்றார்.

மறுநாள் காலையில், குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் என் தாய்மாமன் எனக்கே அந்தப் படத்தை அனுப்பினார். ஏகாம்பரத்தின் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். "இவன்தான். எங்கே பார்த்தாலும் விடாதீங்க" என்று கீழே. சீலன் எழுதியிருந்த "விசாரணை", "விவரம் பிறகு" எல்லாம் போய்விட்டிருந்தன. சீலனுக்குப் போன் போட்டேன்.

"படம் சுத்துது, சீலன்."

"பார்த்தேன்."

"வட்டம் போட்டிருக்காங்க."

"என்னத் திட்டறத சாய்ங்காலம் வெச்சிக்கலாம் தலைவரே. அந்த ஆளு இப்ப எங்க இருக்காருன்னு பாருங்க."

திட்டத்தான் போன் செய்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் திட்டு வரவில்லை.

நான் லுங்கித் தறிக் குடும்பத்தில் பிறந்தவள். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரத்தில் இருப்பவரைக் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமில்லை. மாமாவைக் கேட்டு, அவர் ஒருவரைக் கேட்டு, ஏகாம்பரத்தின் மனைவி போனில் கிடைத்தார்.

"காலைலயே கெளம்பிட்டாரேம்மா. ஆலங்காயம் தாண்டி, மலையடி ஊருங்க பக்கம்" என்றார்.

"எந்த ஊரும்மா?"

"எந்த ஊருன்னு இன்னா சொல்றது? எங்க விக்குதோ அங்க நிப்பாரு. அவர்துது பட்டன் போனு. அந்தப் பக்கம் டவரும் இல்ல. ஏம்மா, இன்னா விஷயம்?"

ஒரு சேதி சொல்ல வேண்டும், அவர் வந்தால் வெளியே அனுப்பாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்த மனுஷன் கையில் அந்தப் படம் வர வழியில்லை. தன் முகத்துக்கு வட்டம் போட்டிருப்பது தெரியாமல், அந்தப் படம் போய்ச் சேர்ந்த ஊர்களுக்குள்ளேயே அவர் லுங்கி விற்கப் போய்க்கொண்டிருந்தார்.

சங்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சீலன் குரூப்பில் ஒரே வரி எழுதினார்: "அவசரம், எல்லாரும் ஆலங்காயத்துக்கு." அன்றைக்கு இருந்த வேலையை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட வந்தார்கள். ஆளுக்கொரு பாதை என்று பிரித்துக்கொண்டு வண்டியை விட்டார்கள். சீலனும் யூசுப்பும் ஒரே வண்டியில் போனார்கள்.

என்னை மட்டும் ஆம்பூருக்கே திருப்பினார் சீலன். "படத்தத் தொரத்திப் புடிக்க முடியாது. அது பின்னாடியே இன்னொரு படத்த அனுப்பணும். குழந்தையோட அம்மாவப் போய்ப் பாருங்க" என்றார்.

அமுதா, ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறவர். முந்தின நாள் பயத்தில் லீவு போட்டுவிட்டு, குழந்தையை மடியைவிட்டு இறக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். போனில் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அய்யோ, இவரா? இவரு சாமிம்மா எனக்கு" என்றார். உங்கள் படத்தையும் குழந்தை படத்தையும் எடுத்துப் போட்டால் அவரைக் காப்பாற்றலாம், முகம் தெரிய வேண்டாம் என்றால் பின்னாலிருந்து எடுக்கிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "வெளிய தெரிஞ்சா பேஜாருடி" என்றார். அமுதா கேட்கவில்லை.

"மூஞ்சிய மறைச்சா எவன் நம்புவான்? நல்லா தெரியட்டும். படம் மட்டும் போதாதும்மா, நான் பேசறேன், வீடியோவா எடுங்க."

வீடியோ எடுக்கிறவர்களைக் கண்டால் எங்கள் சங்கத்தில் பொதுவாக ஓர் இளக்காரம் உண்டு. அன்றைக்கு அந்த இளக்காரம் எங்கே போனது என்று தெரியவில்லை. அமுதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துப் பேசினார். "என் புள்ளயக் காப்பாத்துன மனுசன் இவரு. இவரு மேல எவனாவது கைய வெச்சீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்." ஒரே தடவைதான் எடுத்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரும், உறவு, நட்பு, கல்யாண வீட்டுப் பழக்கம் என்று கையில் இருந்த எல்லாப் பக்கமும் அதை அனுப்பினார்கள்.

இனி வருவது நான் கேட்டது. யூசுப் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

மலையடியில் ஒரு ஊர். கோயில் வாசலில் கூட்டம். ஏகாம்பரம் தன் லுங்கி மூட்டை மேலேயே உட்கார்ந்திருக்கிறார். மொபெட் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். சட்டைப் பித்தான் அறுந்திருக்கிறது. நாலைந்து பையன்கள் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒத்துப் பார்க்கிறார்கள். "நான்தாம்பா, அது நான்தான், ஆனா நான் புடிக்கல" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது நான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகக் கூட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது. ஒருத்தன் கையில் கட்டை இருந்தது. அந்த ஊரிலும் டவர் இல்லை; படம் காலையில் ஆலங்காயம் போய்வந்த பையன் ஒருத்தனின் போனில் ஏறி வந்தது. அமுதாவின் வீடியோ அங்கே வந்து சேர வழியில்லை.

சீலன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். போனவர் ஏகாம்பரத்தின் முன்னால் நின்றுகொண்டு, "அந்தப் படத்த எடுத்தவன் நான்" என்றார். யாருக்கும் புரியவில்லை. "நான்தான் எடுத்தேன். நான்தான் தப்பா எழுதுனேன். இங்க பாருங்க" என்று கழுத்திலிருந்த கேமராவைத் திருப்பிப் பிடித்தார். முந்தின நாள் எடுத்த வரிசை அப்படியே அதில் இருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். முதலில், குழந்தை ஏகாம்பரத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அடுத்தது, எல்லாரும் பார்த்த படம். அதற்கு அடுத்ததில், குழந்தை அவர் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறது, போலீஸ்காரர் சிரிக்கிறார். "புடிச்சிக்கினு வந்தவன் கால எந்தக் கொழந்தையாவது கட்டுமா?" என்று கேட்டார் சீலன்.

சீலன் அந்த வரிசையை அதற்கு முன்னால் முழுதாகப் பார்க்கவே இல்லை என்று யூசுப் சொல்கிறார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாராம். பார்த்துவிட்டு யூசுப்பின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தாராம்.

கூட்டம் கேமராவை வாங்கி வாங்கிப் பார்த்தது. கட்டை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான். ஆனால் கூடின கோபம் எங்கேயாவது போக வேண்டுமே. "அப்ப நீதான்யா அயோக்கியன்" என்று ஒருத்தர் சீலனின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். யூசுப் பாய்ந்தார். சீலன் அவரைத் தடுத்து, "விடு, இது கரெக்டா விழுந்துச்சி" என்றார். அதற்கு அப்புறம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஒரு பெரியவர், அவிழ்ந்து கிடந்த மூட்டையைப் பார்த்து, "கட்டம் போட்டது இன்னா வெல?" என்று கேட்டார். யூசுப்தான் வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னார். அது அடக்க விலையைவிடக் கம்மி. அன்றைக்கு மூட்டையில் பாதி அந்த ஊரிலேயே போய்விட்டது.

"ஆள் கிடைத்தார். உயிரோடு, முழுசாக. பார்த்தது." சீலன் டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்து குரூப்பில் இப்படி எழுதினார். நான் அமுதா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அமுதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்படி ஒரு நிம்மதி என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதற்கு அடுத்த கூட்டத்தில் சீலன் செயலாளர் பதவியை விடுகிறேன் என்று எழுந்தார். நான் விடவில்லை. "ராஜினாமா பண்ணிட்டு நிம்மதியா வீட்ல உக்காரலாம்னு பாக்கறீங்களா, செயலாளரே? உக்காருங்க" என்றேன். பங்கையே எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். சீலன் அதற்கு மட்டும் மறுத்தார். "பங்கு இல்லன்னா அன்னிக்கு ஆலங்காயத்துக்கு எவன் வந்திருப்பான்?" என்று கேட்டார். பிறகு, "படம் பொய் சொல்லாதுன்னு நாமளே சொல்லிக்கினு திரியறோம். படம் வாயே தொறக்காது. பேசறது நாமதான்" என்றார். "பார்த்தது, கேட்டது" வழக்கம் அந்தக் கூட்டத்தில்தான் தீர்மானமானது.

ஆள் தப்பித்ததோடு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். ஏகாம்பரத்துக்கு முடியவில்லை. மனுஷன் வீட்டை விட்டு இறங்க மறுத்துவிட்டார். தெருவில் யாராவது போனைத் தூக்கினாலே உள்ளே போய்விடுவாராம். சீலன் பார்க்கப் போனபோது அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி நன்றாகக் கேட்டார். "இன்னாத்துக்கு வந்தீங்க? இன்னும் ஒரு படம் பாக்கி இருக்குதா?" சீலன் கேட்டுக்கொண்டு திரும்பினார். மறுபடி போனார். அப்புறமும் போனார். ஒரு நாள் ஏகாம்பரமே வெளியே வந்து, "தனியாப் போவ முடியலங்க. கால் வர மாட்டேங்குது" என்றிருக்கிறார். "அப்ப நான் வர்றேன்" என்றார் சீலன்.

போனார். மொபெட்டுக்குப் பின்னாலேயே தன் வண்டியில் மலையடி ஊர்களுக்கெல்லாம் போனார். ஒவ்வொரு ஊரிலும் முதல் ஆளாக இறங்கி, "அந்தப் படத்தைத் தப்பா எடுத்தவன் நான், நல்லவர் இவர்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏகாம்பரத்தை மூட்டையைப் பிரிக்கச் சொல்வாராம். விஷயம் தெரிந்ததும் நாங்களும் முறை போட்டுக்கொண்டு போனோம். எனக்கும் முறை வந்தது. என்னோடு போன நாளில் வியாபாரம் ஜாஸ்தி. தறி வீட்டுப் பெண்ணுக்கு லுங்கி விற்க யாரும் சொல்லித் தரவேண்டாம். நூல் எண்ணைச் சொல்லி, சாயம் போகாது என்று துணியைக் கசக்கிக் காட்டி, நான் பேசிய பேச்சைப் பார்த்து ஏகாம்பரம் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார். யூசுப் போன நாளில் நஷ்டம். அவருக்கு விலை சொல்ல இன்றுவரை வராது.

இப்படியே மாதக்கணக்கில் போனது. ஒரு நாள் சீலன் கிளம்பி நிற்கிறபோது ஏகாம்பரம் தலையைச் சொறிந்தாராம். "சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. இனிமே நீங்க வராதீங்க. ஜனங்க எல்லாம் மறந்துட்டாங்க. கேமராவோட உங்களப் பாத்தாத்தான் இன்னாவோ ஆயிடுச்சின்னு பயப்படறாங்க. வியாபாரம் கெடுது."

சீலன் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். "கோமதி, என்னை வேலையிலிருந்து நிறுத்திட்டாரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு டீ போதாது என்று இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர் நன்றாகவே இருந்தார். படம் எடுத்தார், எங்களோடு சண்டை போட்டார். இதயத்தில் கோளாறு என்று சொன்னபோதும், "அங்க ஒண்ணு இருக்குதுன்னு டாக்டரே ஒத்துக்கினாரு" என்றுதான் குரூப்பில் எழுதினார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் கழிந்தது. அவர் மனைவி எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த வருசம் முழுக்க அவரு தூங்கல கோமதி. எழுந்து எழுந்து உக்காருவாரு. அந்தாளு வர வேணாம்னு சொன்ன அன்னிக்குத்தான் படுத்ததும் தூங்குனாரு. போனதும் தூக்கத்துலயேதான். எனக்கு அது போதும்." சாவு வீட்டில் சொல்லக் கூடாது, ஆனாலும் எனக்கும் அதைக் கேட்டு மனசு லேசானது. ஒரு உயிரைக் கழுத்தில் சுமந்துகொண்டு அவர் போகவில்லை. போயிருக்கக் கூடும். மயிரிழையில் தப்பியது.

ஆம்பூர் கல்லறைத் தோட்டத்துக்கு ஏகாம்பரம் வந்திருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. மொபெட்டின் பின்னால் மூட்டை கட்டியபடி இருந்தது. குழிக்கு மண் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "கெளம்பறேம்மா. ஆலங்காயம் பக்கம் போவணும், மலையடி ஊருங்களுக்கு. இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான்" என்றார்.

பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். "கூட யாராச்சும் வரணுமா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. சும்மாதான் கேட்டேன், போய் வாருங்கள் என்றேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். சீலன் விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த "எதுக்கு?" ஒன்றைத்தான்.